ஃபுல் போட்டோ ஒண்டு அனுப்பட்டாம்

போன கிழமை என்ட அக்காட மகளுக்கு நடந்தத எழுதாம இரிக்க மனசு வரல்ல. ஏஎல் கொமர்ஸ் பாஸ், கம்பியூட்டர் கோர்ஸும் முடிச்சவ. மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு கடையில கணக்கு எழுத ஆள் தேவை எண்டு நோட்டீஸ் கண்டு வட்சப்ல சீவி (CV) போட்டவ. பதில் வந்திச்சி: "தங்கச்சி, நிண்ட மாதிரி ஃபுல் போட்டோ ஒண்டு அனுப்புங்க, ஃபில்டர் போடாம." கேஷ் புக்க மூஞ்சியாலயா எழுதுற? புள்ள அனுப்பிட்டா, நீலக்கோடு ரெண்டும் விழுந்திச்சி, மறுகா ஒரு சத்தமும் இல்ல. ரெண்டு நாள் பாத்துட்டு நானே அந்த நம்பருக்கு எடுத்து, ஆரெண்டு சொல்லாம, எக்செல் நல்லாத் தெரிஞ்ச புள்ள ஒண்டு இரிக்கி எண்டன். "புள்ள என்ன நிறம் அக்கா, மொத்தமா மெல்லிசா?" எண்டாரு. மாட்டு யாவாரி எண்டாலும் நேர்ல வந்து பல்லப் பாத்துட்டுத்தான் விலை பேசுவான்.

எந்தக் கடை எண்டு கமன்ட்ல கேக்க வேணாம், இந்த இனம் அந்த இனம் எண்டு கிளப்பி விடவும் வேணாம். கல்முனையில இரிந்து செங்கலடி மட்டும் இதே கததான்.

எனக்கு இது புதிசில்ல. சண்ட முடிஞ்சி லீசிங் கம்பனியும் உடுப்புக்கடையும் வரிசையாத் திறந்த நேரம், 2011ல, நானும் ஒரு உடுப்புக்கடையில சேந்தன். ரெண்டு நாள் முன்னுக்கு சாறி செக்‌ஷன்ல நிண்டன். மூணாம் நாள் முதலாளி, "மகள், நீங்க பின்னுக்கு ஸ்டோரப் பாருங்க" எண்டாரு. மகள் எண்டுதான் சொன்னாரு. ஒரு டியூப் லைட், பேன் இல்ல, பொலித்தீன் மணம். என்னோட ஒரே நாள் சேந்த வெள்ளப் புள்ள முன்னுக்கு, சம்பளமும் ரெண்டாயிரம் கூட. கேட்டா கஸ்டமர் விரும்புறாங்களாம். ஆரு அந்தக் கஸ்டமர்? கொக்கட்டிச்சோலையாலயும் வவுணதீவாலயும் விடிய பஸ் ஏறி, வெள்ளாம வெட்டின காசோட வாற பொம்புளையள், வெயில்ல கருகி என்ன விடக் கறுப்பா இரிந்த ஆக்கள். ஒருநாள் தண்ணி கேட்டு பின்னுக்கு வந்த ஒரு மூத்தம்மா என்னக் கண்டுட்டு, "மனே, இந்தச் சீலைல சாயம் போகுமா? முன்னுக்கு நிக்கிற புள்ளைக்குத் தெரியாதாம்" எண்டா. முந்தானைய நனைச்சித் தேய்ச்சிக் காட்டினன், மூணு சீல எடுத்துட்டுப் போனா. பில்லு மத்தப் புள்ளட பேர்லதான் விழுந்திச்சி.

அந்தப் புள்ளயும் ராசாத்தி மாதிரி இரிக்கல்ல. ராவைல முதலாளிட தம்பி போன் எடுப்பாராம், எடுக்காட்டி அடுத்த நாள் கோவ முகம் காட்டுறதாம். மறுகா கலியாணம் முடிச்சி வயிறு வெளிய தெரிஞ்சோடன அவவையும் நிப்பாட்டிட்டாங்க.

அந்த நேரம் நானும் பேர் இல்லாத டப்பாக் கிறீம் வாங்கிப் பூசினனான், மறைக்க என்ன இரிக்கி. அப்பிடியானதுகள் சிலதுல பாதரசம் போடுறாங்க, அது தோலோட நிக்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும் எண்டு அப்ப ஆர் சொன்னது. பேர் போன கிறீமும் 2020ல 'ஃபெயார்' எண்டத எடுத்துப்போட்டு 'க்ளோ' எண்டு வெச்சிச்சி, எங்கட முதலாளிமாருட கண்ணு மட்டும் மாறல்ல.

சட்டம் இரிக்கே எண்டு கேப்பீங்க. இலங்கை அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையில இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் எழுதி இரிக்கி. நிறம், உடம்பு எண்டு ஒரு சொல் இல்ல. அதோட அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கம் செய்யிறதுக்கு எதிராத்தான் போடலாம், அதுவும் ஒரு மாசத்துக்குள்ள கொழும்புல. கடை முதலாளிக்கிட்ட அது பாயாது.

தல சீவி நேர்த்தியா உடுத்து வா எண்டா ஞாயம், நானும் ஒத்துக்கொள்ளுவன். தோல எப்பிடிகா தோய்ச்சி உடுத்துட்டு வாற?

சரி, விசயத்துக்கு வாறன். டவுனுக்குள்ள, இல்லாட்டி காத்தான்குடி, களுவாஞ்சிகுடி பக்கம் கணக்கு வேலைக்கு ஆள் தேவை எண்டா இன்பொக்ஸ் வாங்க. புள்ளைக்கு எக்செல் தெரியும், வற் (VAT) வரிக் கணக்கெல்லாம் தெரியாது, பழகிருவா. போட்டோ அனுப்பமாட்டம்.