தண்ணீர் குடிக்காமல் மலை ஏறும் பெண்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோயம்பேட்டிலோ தாம்பரத்திலோ வேன் ஏறும் பெண்கள் குழுவில் எல்லார் பையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். மாலையில் திரும்பும்போது பல பைகளில் அது பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். காரணம் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், போக மறைவான இடம் கிடைக்காது. முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

பெண்களுக்காக ஒரு மலையேற்றக் குழுவோ நடைக் குழுவோ தொடங்க நினைப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். டி-ஷர்ட், குழுவின் பெயர், எந்த மலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "துணைக்கு ஆம்பளைங்க யாராவது வர்றாங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள் என அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறோம். "பாத்ரூமுக்கு எங்கே நிறுத்துவீங்க?" என்ற கேள்விக்கும் அதேபோல் பதில் வேண்டாமா?

சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, வழிந்துதான் போகும். நீர் போகும், உடம்பு குளிராது. ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சாதாரணமாகப் போய்விடும். குடிக்காமல் ஏறினால் முதலில் தலைவலி, அப்புறம் காரணமில்லாத எரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு. இறங்கும்போது கால் வைக்கும் இடம் தவறும். அடக்கிக்கொண்டே வந்தவருக்கு அடுத்த நாள் நீர்க்கடுப்பு. கடைசியில் "உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாமல் போனது மலை இல்லை, நிறுத்தம் இல்லாத திட்டம்.

அதனால் நிறுத்தங்களைக் கிளம்பும் முன்பே அறிவித்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கேட்காவிட்டாலும் நிற்க வேண்டும். "அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறவர்தான் முதல் முறை வருகிறவர். கேட்டால் நிற்போம் என்பது அவருக்கு உதவாது.

குழுவுக்குப் பொதுவாக ஒரு பை வேண்டும். அடர்நிறப் பழைய புடவை ஒன்று, ஐந்து மீட்டர் நைலான் கயிறு, துணிக் கிளிப் ஆறு, தோட்டத்துக் கைக்கொத்து, டிஷ்யூ, சோப்புத் தண்ணீர் பாட்டில், ஜிப் பை பத்து. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டால் மறைப்பு தயார். ஓடை, சுனையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உட்காரும் முன் கம்பால் புதரைத் தட்டிப் பாருங்கள். மலம் கழிக்க ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூவும் நாப்கினும் ஜிப் பையில் திரும்பி வர வேண்டும். காட்டில் எதையும் கொளுத்தக் கூடாது. புதைத்த நாப்கினை நாயோ பன்றியோ கிளறிவிடும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மக்காது.

பீரியட்ஸ் நாளில் வரக் கூடாது என்று எந்தக் குழுவும் சொல்லக் கூடாது, வந்தே ஆக வேண்டும் என்றும் வற்புறுத்தக் கூடாது. நாப்கினை நாலைந்து மணி நேரத்துக்குள் மாற்றினால் தொடை உரசலும் குறையும். உரசலுக்குக் கிளம்பும் முன்பே வாஸ்லைன் தடவுங்கள். தோல் உரிந்த பிறகு தடவினால் எரியும். மாதவிடாய்க் கப் பழகாதவர் மலையில் முதல் முறை முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்தாறு மடக்கு, கூட உப்புக் கடலை, எலுமிச்சை ஊறுகாய் சாதம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வெயிலில் ஒருவர் உளறவோ தள்ளாடவோ தொடங்கினால் குடிக்க வைக்கப் போராடாதீர்கள். நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் வேகத்தால். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேரும் நேரத்தில் "போலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். மெதுவாக நடப்பவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் நடக்கட்டும். பாதை பிரியும் இடமெல்லாம் நின்று தலையை எண்ணுங்கள்.

சென்னையில் பழக மலை ஏது என்பார்கள். பரங்கிமலையில் நூற்றுக்கு மேல் படி இருக்கிறது, நாலு முறை ஏறி இறங்கலாம். அது சுலபமானால் திருக்கழுக்குன்றம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஈர மணலை விட்டுக் காய்ந்த மணலில் ஒரு மணி நேரம் நடப்பதும் கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். முன்விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியோடு மட்டும். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துக்கு இணையத்தில் பதியலாம், உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். நமக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை அதில் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல பருவம். பிறகு புல் காய்ந்துவிடும், தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதைக் காட்டிப் பெண்களை வீட்டில் உட்காரச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மார்ச்சில் புல்மலைக்குப் போகாதே என்பது. தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், மனிதரால் அதை ஓடி முந்த முடியாது.

திரும்பும் நேரத்தை உச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி உறுப்பினர் ஆவடியில் இருந்தால், அவர் இரவு எட்டுக்குள் வீடு சேர வேன் எத்தனை மணிக்கு ஊருக்குள் நுழைய வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் உச்சியிலிருந்து திரும்பும் நேரம் கிடைத்துவிடும். அது பதினொன்று என்றால், உச்சி இருபது நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் பதினொன்றுக்குத் திரும்ப வேண்டும். எல்லாரும் வாட்ஸ்அப்பில் "வந்துட்டேன்" போடும் வரை ஏற்பாடு செய்தவர் போனை அணைக்காமல் விழித்திருக்க வேண்டும்.