உட்கார்ந்த விதத்துக்கும் புள்ளி போடுங்கள்

கடந்த விடுமுறையில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அமர்ந்து அம்மாவின் கழுத்தில் சித்தாலேப என்ற வலித் தைலம் தேய்த்துவிட்டேன். முடிந்ததும் டப்பாவை வாங்கிக்கொண்டு, "இப்போது நீ திரும்பு மகள்" என்றார். நான் வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகத் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமக்கிறார். நான் பல் வைத்தியம் படிக்கிறேன், கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இருவருக்கும் பிடரிக்குக் கீழே அதே இடம் நோகிறது.

மேல் கடைவாய்ப் பல்லை வாய்க்கண்ணாடியில் பார்த்தே வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் எல்லாம் புரண்டு தெரியும், கை பழகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிறோம். ஐந்து கிலோவுக்குக் கிட்டிய தலையைக் கழுத்துத் தசைகள் அசையாமல் பிடித்து நிற்கின்றன. இறுகிய தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் பாரமே தூக்காமல் நோகிறது. நோயாளியை நன்றாகப் படுக்கவைத்து, அவர் வாய் நம் முழங்கை உயரத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரிசெய்து, தலைமாட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் பாதி வளைவு போய்விடும். அதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் எடுப்பதில்லை. இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. தோட்டத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இங்கே எண்ணிக்கை குறைந்தால் பரீட்சைக்கு இருக்க முடியுமா என்ற பயம். அடைத்த பல்லுக்குக் கையெழுத்து கிடைக்கிறது, எப்படி உட்கார்ந்து அடைத்தேன் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதற்கும் புள்ளி வேண்டும் என்கிறேன். முதல் நோயாளியிலிருந்தே வேண்டும்.

மழுங்கிய கருவியால் பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டினால் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு விறைக்கும். கருவி தீட்டுவதைச் சில்லறை வேலையாக நினைக்காதீர்கள். இடதுகைக்காரியான என் தோழி வலதுகைக்காரருக்காக அமைத்த இருக்கையில் உடலை முறுக்கிக்கொண்டே நாள் முழுவதும் வேலை செய்கிறாள். குனியாமல் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கச் சொல்பவர்கள், தோட்டத்துச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள்.

"போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள் மூத்தவர்கள். அம்மாவிடமும் இதையே சொன்னார்கள். அவருக்கு இன்றும் பழகவில்லை. இரவில் இடது பக்கம் மட்டுமே படுக்கிறார்.