முடி உதிர்க்காத டரான்டுலா சாது அல்ல

செல்லமாக வளர்க்கப்படும் ஆரஞ்சு பபூன் டரான்டுலா என்ற ஆப்பிரிக்கப் பெருஞ்சிலந்தி, பட்டால் அரிக்கும் முடியை உதிர்க்காது, அதனால் தைரியமாகக் கையில் எடுக்கலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. முடிவு ஆபத்தானது. வயிற்று முடியைத் தட்டிவிட்டு எதிரியை விரட்டுவது அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவற்றின் வழக்கம். ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த ஆயுதமே கிடையாது; மிச்சமிருப்பது ஓட்டமும் கடியும்தான். முன்கால்களைத் தூக்கி நச்சுப்பல்லைக் காட்டும். சில நேரம் அந்த எச்சரிக்கைகூட இல்லாமல் நேரே கடிக்கும். கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை, உண்மைதான். ஆனால் கடும் வலி, வீக்கம், நாட்கணக்கில் வந்துபோகும் தசைப்பிடிப்பு என்று படுத்திவிடும். தயவுசெய்து குளவிக் கொட்டோடு ஒப்பிடாதீர்கள். கையிலிருந்து துள்ளி விழுந்தால் அதற்கும் வயிறு கிழிந்து உயிர் போகலாம், பாவம்.

பார்த்து ரசிக்க இதைப்போல அழகான சிலந்தி குறைவு. காய்ந்த மண்ணை ஆழமாகப் போட்டு மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள், பெட்டி முழுக்க வலை பின்னிவிடும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக்கூட நீண்ட இடுக்கிதான். விரல் வேண்டவே வேண்டாம்.