மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் கேட்டால் என்ன தருகிறார்கள்?

குழந்தைக்குப் பேதி என்றால் டாக்டர் முதலில் சொல்வது ஓஆர்எஸ், அதாவது பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். 2025 வரை மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால், ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவை என்று ஸ்ட்ரா ஒட்டிய ஒரு அட்டை டப்பா பானம் கைக்கு வந்தது. முன்பக்கம் பெரிதாக ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் சேர்ந்த பெயர். 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல' என்ற வரியும் அதே டப்பாவில்தான் இருந்தது, பொடி எழுத்தில். நள்ளிரவில் துவண்டுபோன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர் அதையா படிப்பார்?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், சிட்ரேட். இதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த அளவில் இருந்தால்தான் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அந்த டப்பா பானங்களில் போலச் சர்க்கரை ஏறிவிட்டால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் குடலுக்கு வந்து, பேதி இன்னும் கூடும்.

ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு வருடம் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பெயருக்குத் தடை போட்டது. அதே வருடம் ஜூலையில், அந்தப் பொடி எழுத்து வரி இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அவர் விடவில்லை, தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபர் 14 அன்று அந்தத் தளர்வு ரத்தானது.

எனக்குக் கோபம் வருவது அதற்குப் பிறகு நடந்ததில்தான். கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. கையிலிருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும் என்றுகூட ஒரு கம்பெனி கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெயர் ஜனங்களைக் குழப்புகிறது என்று தெரிந்தபிறகும் சரக்கைத்தான் பார்ப்பேன் என்றால், அதை எப்படி நேர்மையான வியாபாரம் என்று சொல்வது? 'அப்போது சட்டம் அனுமதித்தது' என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அந்த மூன்று எழுத்தை எதற்காகப் பெயரில் வைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஏதாவது வெளியே வந்தால் உடனே 'புறக்கணிப்போம்' என்று பதிவு போடுகிறோம். சரி, போடலாம். ஆனால் இங்கே வாங்கியவருக்குத் தான் எதை வாங்கினோம் என்பதே தெரியாதே, அவர் எதைப் புறக்கணிப்பார்? எழுத்தில் போகும் புகாருக்குத்தான் கம்பெனி பயப்படும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 50 லட்சம் வரையிலும் அபராதம் போட முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை.

அப்புறம், பில் வாங்குங்கள். டப்பாவின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் ஓஆர்எஸ் என்று மட்டும் கேட்காமல், 'உலக சுகாதார நிறுவன ஃபார்முலா போட்ட பொடி பாக்கெட் கொடுங்க' என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். நாலு பேர் அப்படித் திரும்பிப் போனால், அடுத்த வாரம் அந்தக் கடைக்காரரே வாங்கி வைப்பார்.