டிஷ்யூ பொட்டலத்துக்கு உள்ள மரியாதை
மூன்று நாள் விடுப்பில் சிங்கப்பூர் சென்ற நான், தஞ்சோங் பகார் பக்கத்து உணவங்காடி நிலையம் ஒன்றில் கோழிச்சோற்றுக்காக 35 நிமிடம் வரிசையில் நின்றதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கையில் தட்டும் மறு கையில் கரும்புச்சாறுமாக உட்கார இடம் தேடித் திரும்பினால், காலியாகத் தெரியும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு டிஷ்யூ பொட்டலம் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இப்படி இடம் பிடிப்பதற்கு அவ்வூரார் வைத்திருக்கும் பெயர் 'சோப்'. குளிக்கும் சோப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறார்கள். ஆனால், அடுத்தவர் உரிமையைச் சுத்தமாகக் கழுவிவிடுவதில் இரண்டும் ஒன்றுதான். ஒரு மேசையில் குடை. அடுத்ததில் அலுவலக அடையாள அட்டை. அதற்கும் அடுத்ததில் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி. ஆள் எங்கே? இனிமேல்தான் வரிசையில் நின்று, உணவு வாங்கி, ஆடி அசைந்து வருவாராம்! அதுவரை பசித்த மனிதன் நிற்க வேண்டும், பத்துத் தாள் கொண்ட பொட்டலம் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

2020இல் இந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றபோது, டிஷ்யூவையும் சேர்த்தே ஏற்றிவிட்டதோ என்னவோ! உண்ட தட்டைத் திருப்பி வைக்காதவர்களுக்கு 2021 முதல் எச்சரிக்கையும் அபராதமும் உண்டு. தட்டை வைக்கவே இடம் கிடைக்காதவனுக்கு என்ன சட்டம் இருக்கிறது?

கடைசியில், தூணில் சாய்ந்து நின்றபடியே ஆறிப்போன சோற்றை உண்டு முடித்தேன். கை துடைக்க என்னிடம் ஒரு டிஷ்யூகூட இல்லை.