போன் எடுக்கவே கை நடுங்குகிறவர்களுக்கு?

ஆட்களோடு பேசவே பயப்படுகிற மனநோய் பற்றிய உங்கள் கட்டுரையை, "உதவி வேண்டுமென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள்" என்று அரசின் மனநல உதவி எண்ணைக் கொடுத்து முடித்துவிட்டீர்கள், சரி, போன் அடித்தாலே வியர்த்துப்போகிற என் தம்பி எப்படிக் கூப்பிடுவான்? கூடலூரிலிருந்து பஸ் ஏறி ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, அவன் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் சீட்டை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டுதான், ஆனால் குறைந்தது 40 சதவீதம் குறைபாடு என்று சான்று வாங்க, முன்பின் தெரியாத டாக்டர்கள் எதிரே உட்கார்ந்து பேச வேண்டுமே! (பேச முடியாததுதானே நோயே.) விண்ணப்பத்தையாவது ஆன்லைனில் போடலாம், நான்தான் போட்டுக்கொடுத்தேன். அப்புறம், 14416-இல் வீட்டு ஆட்களும் பேசி விவரம் கேட்கலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.