ஹசீனாவை மட்டும் நம்பிய டெல்லி

2024 ஆகஸ்ட்டில் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் மக்கள் போராட்டத்தால் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்ததை இந்தியா முன்கூட்டிக் கணித்திருக்கவே முடியாது என்கிறது ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. 2014 தேர்தலை அங்கே முக்கிய எதிர்க்கட்சியான பிஎன்பி (வங்கதேச தேசியக் கட்சி) புறக்கணித்தது. 300 தொகுதிகளில் பாதிக்கு மேல் போட்டியே இல்லை. மேற்கு நாடுகள் முகம் சுளித்தபோதும் டெல்லி ஹசீனாவுக்குத் தோள் கொடுத்தது. வடகிழக்குத் தீவிரவாதிகளைப் பிடித்துக் கொடுத்தவர், காரணம் நியாயம்தான். அதற்காக எதிர்க்கட்சிகளோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டதுதான் வினை. ஆகஸ்ட் 5 அன்று அவர் டெல்லிக்கு அருகே ஹிண்டன் விமானதளத்தில் வந்து இறங்கியபோது, டாக்காவில் நமக்கு நெருக்கமாகப் பேச ஆளில்லை.

மாலத்தீவில் இதே டெல்லி எவ்வளவு நிதானமாக இருந்தது! ‘இந்தியாவே வெளியேறு’ என்று முழங்கிய அணியிலிருந்து 2023 அதிபர் தேர்தலில் வென்ற முய்சுவோடு மல்லுக்கு நிற்கவில்லை. அங்கிருந்த இந்திய ராணுவத்தினரைத் திரும்பப் பெற்று, அந்த இடத்துக்குத் தொழில்நுட்பப் பணியாளர்களை அனுப்பியது. மறு வருடம் அக்டோபரில் அவரே டெல்லி வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதியை (அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க உதவும் கடன் போன்றது) பெற்றுச் சென்றார்.

வங்கதேசத்திலோ, ஆட்சி மாறிய பிறகு இந்திய விசாவைக் கடுமையாகக் குறைத்தார்கள். பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள், சரி. ஆனால் சிகிச்சைக்காக வேலூர் வரை வந்துகொண்டிருந்த சாதாரணக் குடும்பங்களுக்கு ஹசீனா ஆண்டால் என்ன, அவருக்குப் பின் இடைக்கால அரசுக்குத் தலைமையேற்ற யூனுஸ் ஆண்டால் என்ன? அவர்களை ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும்?